வழியில் வரைந்தவை

என்னுடைய இரண்டாவது நாவலில் ஒரு மீனவன் வருகிறான். புயலில் அகப்பட்டுக்கொண்ட அவன், கட்டுமரத்தில் புகுந்துவிட்ட தண்ணீரைத் தகர டப்பாவால் இறைத்து இறைத்து வெளியே கொட்டுகிறான். இரண்டு பக்கத்துக்கு இறைக்கிறான். அந்த இடம் நன்றாக வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்களும் அப்படியே சொன்னார்கள். புத்தகம் வெளிவந்து மூன்று மாதம் கழித்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் ஒரு கார்டு போட்டிருந்தார். "ஐயா, கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதில் தண்ணீர் தேங்காது. மேலே ஏறிய தண்ணீர் இடுக்கு வழியாகத் தானே போய்விடும். தங்கள் மீனவன் எதை இறைத்தான் என்று தெரிவிக்கவும்."

தெரிவிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டுமரத்தை நான் பார்க்காதவன் அல்ல. எத்தனையோ மாலைகளில் கடற்கரை மணலில் அதன் மேலேயே உட்கார்ந்து நண்பர்களுடன் இலக்கியம் பேசியிருக்கிறேன். உட்கார்ந்திருந்த பொருளே கண்ணில் படவில்லை என்பதுதான் வெட்கம். பெயர் தெரிந்த பொருளை நாம் பார்ப்பதில்லை. 'கட்டுமரம்' என்ற சொல்லைக் கேட்டவுடனே மனம் திருப்தி அடைந்துவிடுகிறது; கண் வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது. எழுத்தாளனுக்கு இது தொழில் வியாதி. அவனிடம் சொற்கள் அதிகம்.

அந்தக் கார்டு வந்த வாரத்தில்தான் கோடு போடாத நோட்டுப் புத்தகம் ஒன்றும் இரண்டு பென்சில்களும் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பில் நான் வரைந்த மாம்பழத்தை வாத்தியார் பூசணிக்காய் என்று நினைத்துப் பாராட்டியிருக்கிறார். அதற்கு மேல் எனக்குச் சித்திரப் பயிற்சி கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து வெளியே நடக்கப் போனாலும் சரி, வெளியூர்ப் பிரயாணம் போனாலும் சரி, அந்த நோட்டுப் புத்தகம் என் பையில் இருக்கிறது. இப்போது இருப்பது பதினோராவது. இந்தப் பழக்கம் எனக்கு என்ன செய்தது, பெரியவர்களுக்கு என்ன செய்திருக்கிறது, அதனால் வரும் கெடுதல் என்ன என்பதை யோசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். கெடுதலும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் கடற்கரையில் உட்கார்ந்து கட்டுமரம் ஒன்றை வரைய ஆரம்பித்தேன். வலையைச் சரி செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "என்ன சார், நாலு மரந்தான் போட்டிருக்கீங்க? அஞ்சு இருக்குதே, எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தன. அதற்கு முன் என் வாழ்நாளில் நான் ஒரு கட்டுமரத்தின் மரங்களை எண்ணியதே இல்லை. கயிறு எங்கே சுற்றியிருக்கிறது, முன்பக்கம் எப்படிக் கூர்ந்து மேலெழும்புகிறது என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன். படம் என்னவோ விறகுக் கட்டு மாதிரிதான் வந்தது. ஆனால் அந்த விறகுக் கட்டில் பொய் இல்லை.

ஜான் ரஸ்கின் 1854 முதல் லண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் சித்திரம் சொல்லிக் கொடுத்தார். அந்த அனுபவத்தை வைத்து 1857-ல் சித்திரம் வரைவதற்கான பாடப் புத்தகம் ஒன்று எழுதினார். அவருடைய கட்சி என்னவென்றால், தச்சனையும் கொல்லனையும் சித்திரக்காரர்களாக்குவது தம் வேலை அல்ல. அவர்களைப் பார்க்கப் பழக்குவதே வேலை. வரைவது அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். ரஸ்கின் பல விஷயங்களில் அளவுக்கு மீறி உபதேசம் செய்கிறவர். இந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று என் விறகுக் கட்டு சாட்சி சொல்லும்.

இந்தப் பழக்கம் உள்ள எழுத்தாளர்களில் பெரிய பெயர் கதே. 1786-ல் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இத்தாலிக்குப் புறப்பட்டுப் போன அவர், வழி நெடுகிலும் வரைந்துகொண்டே போனார். கார்டா ஏரிக்கரையில் மால்செசினே என்ற ஊர். அங்கே பாழடைந்த கோட்டை ஒன்றை உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது ஊர் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் வந்து தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டான். ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்காக எல்லையை உளவு பார்க்க வந்தவன் என்று சந்தேகம். பிராங்க்பர்ட்டில் முன்பு வேலை பார்த்திருந்த உள்ளூர்க்காரன் ஒருவன் வந்து, இவர் அந்த ஊர்க்காரர்தான் என்று தெரிந்துகொண்டு பரிந்து பேசியதால் கதே தப்பினார். நம் ஊர்ப் பக்கம் இவ்வளவு தூரம் போவதில்லை. "ரோடு போடப் போறாங்களா சார்? எங்க வீடு போயிடுமா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேலை வெட்டி இல்லாமல் ஒரு மனிதன் ஒரு சுவரை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று ஜனங்கள் நம்புகிறார்கள்.

மால்செசினேயில் கிழிபட்ட பிறகும் கதே வரைவதை விடவில்லை. ஆனால் 1787-ல் நேப்பிள்ஸிலிருந்து சிசிலித் தீவுக்குப் போனபோது க்னீப் என்ற சித்திரக்காரரை உடன் அழைத்துக்கொண்டார். பிரயாணச் செலவு கதேயுடையது. க்னீப் வழியில் கண்டதை வரைந்து கொடுக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. படங்கள் நிச்சயமாகக் கதே வரைந்திருக்கக்கூடியவற்றைவிட நன்றாக இருந்திருக்கும். இருந்தாலும் இத்தாலியப் பிரயாண நூலைப் படிக்கும்போது, தாமே பென்சிலோடு உட்கார்ந்த இடங்களில்தான் கதே எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார். க்னீப் வரைகிற இடங்களில் அவர் பெரிய மனிதர், காட்சிகளைப் பார்வையிடுகிறார். படம் நன்றாக வருவது வேறு, வரைகிறவனுக்குப் பார்வை வருவது வேறு. இரண்டாவதை வாடகைக்கு அமர்த்த முடியாது. கையில் காமிராவோ கைப்பேசியோ வைத்திருக்கும் நாமெல்லாம் க்னீப்பைச் சம்பளமில்லாமல் கூட அழைத்துப் போகிறவர்கள்தான்.

எழுத்தும் சித்திரமும் ஒரே மனிதனிடம் சரிசமமாக அமைந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எட்வர்ட் லியர். குழந்தைகளுக்கான அபத்தப் பாட்டுகள் எழுதியவர் என்றுதான் நம்மில் பலர் அவரை அறிவோம். அவருக்குச் சோறு போட்ட தொழில் சித்திரம். இருபது வயதுக்குள் கிளிகளை வரைந்து ஒரு புத்தகமாகப் போட்டவர். 1846-ல் விக்டோரியா மகாராணிக்கே சில நாள் சித்திரப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆயுளில் பெரும்பகுதியைப் பிரயாணத்திலேயே கழித்தவர். காக்காய் வலிப்பு, ஆஸ்துமா, கண் கோளாறு எல்லாவற்றையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தார்.

வைசிராய் நார்த்புரூக் பிரபு அழைத்ததன் பேரில் 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 61. 1875 ஜனவரி வரையில் இந்தியாவில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். 1874-ல் நம் பக்கமும் வந்தார். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர், நீலகிரி எல்லாம் அவர் பென்சிலுக்குள் அகப்பட்டன. இலங்கையில் அவருடைய வேலையாள் ஜார்ஜியோவுக்கு உடம்புக்கு வந்துவிட்டதால் பிரயாணம் சுருங்கியது. இல்லாவிட்டால் இன்னும் அலைந்திருப்பார்.

அவர் வேலை செய்த முறையைக் கவனிக்க வேண்டும். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் வேகமாக வரைவார். தாளின் மூலையில் இடத்தின் பெயர், தேதி, பல சமயம் மணி, வரிசை எண் எல்லாம் எழுதுவார். பிறகு படத்துக்குள்ளேயே குறிப்புகள்: இங்கே மணல், இங்கே கரும்பச்சை, இங்கே நிழல் நீலம் என்று. விளையாட்டாகச் சொற்களை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதுவதும் உண்டு. வர்ணம் பூசுவதும், பென்சில் கோட்டின் மேல் மையால் எழுதுவதும் பிற்பாடு, இருப்பிடத்துக்குத் திரும்பிய பிறகு.

இந்தத் தாள்களின் அச்சுப் பிரதிகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் தோன்றுகிறது. படமும் குறிப்பும் தனித்தனியாக இல்லை. 'நிழல்' என்று எழுதின இடத்தில் அந்தச் சொல்லே ஒரு நிழல் மாதிரி கிடக்கிறது. கண் வேகமாக ஓடுகிறது, கை எட்டவில்லை, எட்டாத இடத்தைச் சொல் நிரப்புகிறது. அவசரத்தில் ஒரு மனிதன் தன்னோடு தானே பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் மணியில் இந்த வெளிச்சம் போய்விடும் என்ற தவிப்பு தாளில் இருக்கிறது.

லியர் இவற்றைப் படைப்பாக மதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இவை அவருக்குச் சரக்கு. கிடங்கில் அடுக்கி வைத்த கச்சாப் பொருள். அவர் படைப்பு என்று நினைத்தது, இவற்றை ஆதாரமாக வைத்து வருஷக்கணக்கில் உழைத்து வரைந்த பெரிய தைல வர்ணப் படங்களை. டார்ஜிலிங்கில் 1874 ஜனவரியில் பார்த்த கஞ்சன்ஜங்கா சிகரத்தை 1877-ல் தைல வர்ணத்தில் முடித்தார். முன்புறத்தில் மரங்கள், மனிதர்கள், பின்னால் சிகரம். எல்லாம் இருக்கிறது. குறை சொல்ல இடமில்லை. ஆனால் குளிரில் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை மட்டும் காணோம். அவர் செத்து நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் 'கச்சாப் பொருள்' சந்தைக்கு வந்தது. அதில் பெரும்பகுதி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. தைல வர்ணப் படங்களைவிட இவற்றையே ரசிகர்கள் பலர் விரும்புகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நம்மிடையே இந்த வகையில் உழைத்தவர் என்று சொன்னால் வாசகர்களுக்கு உடனே 'சில்பி'யின் ஞாபகம் வரும். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த சீனிவாசன், மாலி சூட்டிய பெயரால் சில்பி ஆனார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசைக்காகக் கோயில் கோயிலாகப் போய், தூணுக்கும் விக்கிரகத்துக்கும் எதிரே உட்கார்ந்து வரைந்தார். அந்தப் பக்கங்களைக் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. ஆனால் அவருடைய காரியமும் லியருடைய காரியமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சில்பி தம்மை அழித்துக்கொண்டு கல்லை நிறுத்துகிறார். கல் உளி பட்ட இடத்தில் அவர் பேனா படுகிறது. அவசரமும் தவிப்பும் அங்கே கிடையாது, கூடவும் கூடாது. அது தியானம். அதைச் செய்வதற்கு அவருடைய கை வேண்டும், அவருடைய பக்தி வேண்டும். நான் பேசுவது அவ்வளவு உயர்ந்த விஷயம் அல்ல. கையும் பக்தியும் இல்லாதவனுக்கும் பிரயோஜனப்படும் ஒரு சாமானியப் பழக்கம்.

இனி, கெடுதல்.

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்ட பிறகு நான் எழுதிய முதல் நாவல், என் நாவல்களிலேயே மோசமானது. நான்கு வருஷத்துப் படங்களும் குறிப்புகளும் கையில் இருந்தன. கட்டுமரத்தில் ஐந்து மரம் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தைக் காட்சி வந்தால் தராசின் தட்டு எந்தக் கயிற்றில் தொங்கியது என்று எழுதினேன். வீட்டைச் சொன்னால் நிலைப்படியில் எத்தனை பூ செதுக்கியிருந்தது என்று எழுதினேன். பார்த்ததை விடுவது பாவம் என்று எனக்குத் தோன்றியது. பார்ப்பதற்கு அவ்வளவு பிரயாசைப்பட்டிருந்தேனே! கையெழுத்துப் பிரதியைப் படித்த என் பழைய நண்பர் ஒருவர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டே, "எல்லாம் இருக்குடா. தெரு இருக்கு, திண்ணை இருக்கு, திண்ணையில் காய வச்ச வடகம்கூட இருக்கு. அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டார். கதாநாயகியைத்தான் கேட்டார். திருப்பிப் பார்த்தேன். அவள் புடவையின் கரை இருந்தது. அவள் இல்லை.

அந்தப் பிரதியை நான் அச்சுக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

இந்தத் தோல்வியை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பிரெஞ்சுச் சித்திரக்காரர் டெலக்ருவாவின் விஷயம் எனக்குத் துணை வந்தது. 1832 ஜனவரியில், தம் முப்பத்து மூன்றாவது வயதில், மோர்னே பிரபு என்ற தூதரின் கூட்டத்தோடு அவர் மொராக்கோவுக்குப் போனார். டாஞ்சியரில் இறங்கி, குதிரை மேல் மெக்னெஸ் வரை போய் சுல்தானைப் பார்த்துவிட்டு, திரும்புகிற வழியில் அல்ஜியர்ஸில் சில நாள் தங்கி, ஜூலையில் பிரான்ஸுக்கு வந்தார். ஆறு மாதம். ஏழு நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. சுவர், வாசல், குதிரை, அங்கி, ஒட்டுப்போட்ட தெருக்கதவு. நடுநடுவே பொடி எழுத்தில் குறிப்பு. எச்சில் காய்வதற்குள் பூசின மாதிரி நீர் வர்ணம். மிஞ்சிய புத்தகங்களில் மூன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கின்றன. அந்த ஆறு மாதச் சேமிப்பை அவர் 1863-ல் சாகும்வரை செலவழித்தார்.

எப்படிச் செலவழித்தார் என்பதுதான் விஷயம். அல்ஜியர்ஸில் ஒரு வீட்டின் அந்தப்புரத்தைப் பார்க்க அவருக்கு வாய்த்தது. அதை வைத்து 'அல்ஜியர்ஸ் பெண்கள்' என்ற படத்தை 1834-ல் வரைந்தார். புகழ் பெற்ற படம். ஓடு, திரை, கம்பளம், செருப்பு, ஹூக்கா எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அதே விஷயத்தை மறுபடியும் வரைந்து 1849-ல் காட்சிக்கு வைத்தார். இது அளவில் சிறியது. மாண்ட்பெல்லியே நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. இதில் பெண்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள். அறை இருட்டிவிட்டது. ஓடும் கம்பளமும் பாதி நிழலில் கரைந்துவிட்டன. முதல் படத்தில் நாம் ஓர் அறைக்குள் நுழைகிறோம். இரண்டாவதில், எப்போதோ நுழைந்த அறையை நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாவது கண்ணைக் கட்டுகிறது. இரண்டாவது என்னவோ செய்கிறது. எனக்கு இரண்டாவதே பெரிது என்று படுகிறது. பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1845-ல் சுல்தான் கோட்டையிலிருந்து குதிரை மேல் வரும் படத்தையும் வரைந்தார். எந்தத் தூதரின் கூட்டத்தோடு அவர் போனாரோ, அந்தத் தூதர் அதில் இல்லை! முதலில் போட்ட வரைவுகளில் இருந்தவர்கள்தான். பதின்மூன்று வருஷத்தில் உதிர்ந்துவிட்டார்கள். அவருடைய 1853-ஆம் வருஷத்து நாட்குறிப்பில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பிரயாணத்திலிருந்து தாம் சுமாராக ஏதாவது செய்ய ஆரம்பித்தது, சின்னச் சின்ன விவரங்களையெல்லாம் மறந்த பிறகுதான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஏழு நோட்டுப் புத்தகங்களை நிரப்பியவர் சொல்கிற வார்த்தை இது என்பதை மறக்கக் கூடாது. ஒன்றையுமே பார்க்காதவன் மறப்பதற்கு என்ன இருக்கிறது? என் இரண்டாவது நாவலில் கட்டுமரத்தில் தண்ணீர் இறைத்தேனே, அது மறதி அல்ல, அறியாமை. அடுத்த நாவலில் வடகத்தைக்கூட விடாமல் எழுதினேனே, அது மறக்கத் தெரியாத கஞ்சத்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கண் வலிக்கப் பார்ப்பது, கை வலிக்க வரைவது, பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பது. எது தானாகத் திரும்பி வருகிறதோ அதுதான் கதைக்கு உரியது. லியரின் தைல வர்ணப் படங்கள் சோர்ந்து போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மூன்று வருஷம் கழித்தும் அவர் தாளைப் பார்த்தே வரைந்தார். மூலையில் எழுதிவைத்த மணிகூட மறக்கவில்லை. டெலக்ருவா தாளையும் வைத்துக்கொண்டார், மறதியையும் வைத்துக்கொண்டார்.

இதை ஒரு விதியாகச் சொல்ல நான் தயாராக இல்லை. மறந்தே எழுத வேண்டும் என்று சொன்னால், சில்பிக்கு அது பொருந்தாது. என்னைப் போலக் கதை எழுதுகிறவனுக்குப் பொருந்துகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போதெல்லாம் ஒரு நாவல் எழுத உட்கார்ந்தால், பதினோரு நோட்டுப் புத்தகங்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். முதல் பிரதி முடிந்த பிறகு சந்தேகம் தெளிந்துகொள்ள மட்டும் சாவியை வாங்குகிறேன். "புகையிலையை விட்டவர் மாதிரி இருக்கீங்களே" என்பது அவள் விமர்சனம்.

போன மாதம் அந்தப் பழைய கடற்கரைக்குப் போயிருந்தேன். கரை நெடுக பைபர் படகுகள். கட்டுமரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அன்று என் தோளுக்குப் பின்னால் நின்ற பெரியவரை விசாரித்தேன், காலமாகிவிட்டார் என்றார்கள். அவருடைய பேரன் என்று ஓர் இளைஞன் வந்தான். பையிலிருந்து முதல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்துப் படத்தைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, மரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான்.

"அஞ்சு. சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்" என்றான்.

நான்காவது மரத்துக்கும் ஐந்தாவது மரத்துக்கும் நடுவே, பிற்பாடு சேர்த்ததால் கோடு கொஞ்சம் நெருங்கியிருக்கும். அதை அவன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.